ரயில் போன தடத்தில், எரிமலைகளுக்கு நடுவே: கார் வராத கிராவல் பாதை ஓர் அறிமுகம்

கிராவல் என்ற சொல் நமக்குப் புதிதில்லை. மனை நிரவும் இடத்தில் லாரியில் வந்து கொட்டும் செம்மண்ணை 'கிராவல் மண்' என்கிறோம். ஏரிக்கரை ஓரமாகப் போகும் தார் போடாத சாலை 'கிராவல் ரோடு'. அந்த மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தால் பொடிக்கல் கொஞ்சம், மணல் கொஞ்சம், ஒட்டும் களி கொஞ்சம் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால்தான் ரோலர் ஓட்டியதும் இறுகி நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சைக்கிள் உலகில் இப்போது 'கிராவல் சைக்கிளிங்' என்று ஒரு தனிப் பிரிவே வளர்ந்திருக்கிறது. தார்ச்சாலையில் பறப்பதும் இல்லை, பாறை தாவி மலையிறங்குவதும் இல்லை. மண்சாலை, வயல்வழி, காட்டுவழி, பழைய ரயில் தடம் என்று தார் இல்லாத, ஆனால் ஓட்டத்தக்க பாதைகளில் நீண்ட தூரம் போவது. இதற்கென்று வரும் சைக்கிளில் ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிள் போல வளைந்திருக்கும், டயர் மட்டும் அதைவிட நன்றாக அகலமாக இருக்கும்.

இதில் ஒரு சின்னப் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: எரிமலை நிலத்தில், கார் வராத, கிராவல் பாதை. கேட்க மிகக் குறுகலாகத் தெரியலாம். ஆனால் இந்த மூன்று நிபந்தனைகளும் ஒரே இடத்தில் சேர்ந்து அமைவது எவ்வளவு அரிது என்று பார்த்தால், ஏன் தனியாக எழுதுகிறேன் என்பது புரியும்.

ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலை நிலம் என்றால் அதுதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அங்கே உள்நாட்டு மேட்டுநிலத்தில் போகும் மண்சாலைகள் கிராவல்தான், எரிமலை நிலம்தான். ஆனால் அவை மோட்டார் சாலைகள். கோடையில் பெரிய சக்கர ஜீப்கள் புழுதி கிளப்பிக்கொண்டு வரும், ஆறுகளைக் கடக்கப் பாலமும் பல இடத்தில் இருக்காது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஏற்றதல்ல. ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியிலும் எரிமலைகள் உண்டு. அங்கே டாவுன் என்ற ஊரிலிருந்து மோசெல் ஆற்றங்கரையில் உள்ள பெர்ன்காஸ்டெல்-கூஸ் வரை 58 கி.மீ. சைக்கிள் பாதை போகிறது. பெரும்பகுதி பழைய ரயில் தடம், கார் தொல்லை இல்லை, அருமையான பாதை. ஆனால் தார் போட்டுவிட்டார்கள். ஆக ஐஸ்லாந்தில் கார் இருக்கிறது, ஐஃபெலில் கிராவல் இல்லை.

மூன்றும் கூடி வரும் இடம் ஒன்று ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், காட்டலோனியாவில் இருக்கிறது. கரோச்சா என்பது வட்டாரத்தின் பெயர். அதன் தலைநகர் ஓலோட். அங்கிருந்து ஜிரோனா நகரம் வரை சுமார் 55 கி.மீ. போகும் பாதைக்கு 'கரிலெட்' என்று பெயர். காட்டலான் மொழியில் 'சின்ன ரயில்' என்று செல்லமாகச் சொல்வது போல. இந்த ஒரு பாதையை வைத்தே முழுக் கருத்தையும் விளக்கிவிடலாம்.

ரயில் விட்டுப்போன சரிவு

முதல் கேள்வி: கார் வராத நீண்ட பாதை எப்படிக் கிடைக்கிறது? புதிதாக நிலம் எடுத்து 55 கி.மீ. போட வேண்டுமென்றால் யாராலும் முடியாது. ஏற்கெனவே தொடர்ச்சியாகக் கிடக்கும் ஒரு நாடா போன்ற நிலம் வேண்டும். கைவிடப்பட்ட ரயில் தடம் அதற்குக் கச்சிதமான பொருள்.

ஓலோட் ரயில் குறுகிய தண்டவாளத்தில் ஓடியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே வெறும் 750 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பெரிய ரயில்களுக்கு 1,668 மில்லிமீட்டர், அதில் பாதிகூட இல்லை. குறுகலாக இருந்தால் தடத்தை இறுக்கமாக வளைத்துக் கொண்டுபோகலாம், மலையை அதிகம் குடைய வேண்டாம், செலவு குறையும். 1890-களில் ஜிரோனா பக்கமிருந்து துண்டு துண்டாகப் போட ஆரம்பித்து, 1911-ல் ஓலோட்டை எட்டினார்கள். 1969-ல் நிறுத்தப்பட்டது. 'ஓலோட் ரயில், நினைத்தபோது கிளம்பும், முடிந்தபோது வந்து சேரும்' என்று ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். காட்டலானில் அது எதுகையோடு அழகாக விழும்.

ஸ்பெயினில் இப்படிக் கைவிட்ட தடங்களை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திருப்பிக் கொடுக்கும் திட்டம் 1993-ல் தொடங்கியது. 'பசுமை வழி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். இன்று நாடு முழுக்க 3,000 கி.மீ-க்கு மேல் இந்த வழிகள் இருக்கின்றன. ஓலோட்-ஜிரோனா அவற்றில் ஒன்று.

இப்போது முக்கியமான விஷயம். ரயில் தடம் என்றாலே சரிவு மிதமாகத்தான் இருக்கும். ஏன்? இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் அது பெரிய நன்மை, ஓர் எஞ்சின் பல பெட்டிகளை இழுத்துவிடும். ஆனால் ஏற்றம் வந்ததும் அதே நன்மை எதிராகத் திரும்புகிறது. பிடிப்பு போதாமல் சக்கரம் வழுக்கும். ஊட்டி ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வைத்திருப்பது இதற்காகத்தான். அங்கே ஏறக்குறைய 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம், வெறும் சக்கரத்தால் ஏற முடியாது. பல்சட்டம் இல்லாத ரயில் போக வேண்டுமென்றால், பொறியாளர் மலையைச் சுற்றி வளைத்து, பள்ளத்தை நிரப்பி, மேட்டை வெட்டி, சரிவைத் தணித்தே ஆக வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ நீராவி எஞ்சினுக்காகப் பட்ட பாடு, இன்று நம் முழங்காலைக் காப்பாற்றுகிறது.

கணக்காகவே சொல்லலாம். ஓலோட் சுமார் 440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதையின் உச்சி 'கொல் தென் பாஸ்' என்ற கணவாய், 620 மீட்டர். ஜிரோனா சுமார் 70 மீட்டர். கணவாயிலிருந்து ஜிரோனா வரை ஏறத்தாழ 40 கி.மீ. தூரத்தில் 550 மீட்டர் இறக்கம். அதாவது 100 மீட்டர் போனால் சராசரியாக ஒன்றரை மீட்டர்கூட இறங்குவதில்லை. கண்ணால் பார்த்தால் சமதளம் என்றே சொல்வீர்கள், ஆனால் சைக்கிள் தானாகவே உருண்டுகொண்டிருக்கும். ஆகவே முதல்முறை போகிறவர்கள் ஓலோட்டில் தொடங்கி ஜிரோனாவில் முடிப்பது நல்லது. ஏற வேண்டிய ஏற்றமெல்லாம் முதல் கால்வாசித் தூரத்திலேயே, கால் களைக்கும் முன்பே முடிந்துவிடும்.

எரிமலை என்றால் ஒற்றை மலை இல்லை

எரிமலை நிலத்தில் சைக்கிள் என்றதும் எட்னா, ஃபூஜி மாதிரி ஒரு பிரம்மாண்டக் கூம்பைச் சுற்றி மூச்சுவாங்க ஏறுவது போலத் தோன்றும். கரோச்சா வேறு மாதிரி. இங்கே இயற்கைப் பூங்கா எல்லைக்குள் மட்டும் சுமார் 40 எரிமலைகள். ஆனால் ஒவ்வொன்றும் சின்னது, நம்மூர்க் குன்று அளவு, பல மரம் மூடிப் பச்சையாக நிற்கும். யாராவது சொல்லாவிட்டால் எரிமலை என்றே தெரியாது.

இதற்குக் காரணம் உண்டு. எட்னா போன்ற எரிமலை ஒரே குழாய் வழியாக லட்சக்கணக்கான வருஷம் திரும்பத் திரும்பக் கக்கி, தன்மேல் தானே அடுக்கி உயர்கிறது. கரோச்சாவில் உள்ளவை பெரும்பாலும் ஒருமுறை மட்டும் வெடித்து ஓய்ந்தவை. உருகிய பாறைக் குழம்பு ஒரு விரிசல் வழியாக மேலே வரும், சில வாரமோ சில மாதமோ சில வருஷமோ கக்கும், வழி இறுகி மூடிக்கொள்ளும். அடுத்த முறை குழம்பு வரும்போது வேறோர் இடத்தில் வழி தேடும். இப்படிச் சில லட்சம் வருஷத்தில் ஒரு பரப்பு முழுக்க குட்டிக் குட்டிக் கூம்புகள் முளைத்துவிடும். ஐஃபெலும் இந்த வகையே. பிரான்ஸில் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த புயி மலைவரிசையும் அப்படித்தான், அங்கே சுமார் 80 எரிமலைகள்.

சைக்கிள்காரருக்கு இந்த வகை எரிமலை நிலம்தான் வாய்ப்பானது. கூம்புகளுக்கு நடுவே போகலாம், கூம்பின்மேல் ஏற வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் மொத்த விஷயத்திலும் மிகவும் பிடித்தது. ஓலோட்டிலிருந்து கிளம்பி லெஸ் ப்ரேசஸ் கிராமத்தைத் தாண்டியதும் வால் தென் பாஸ் என்ற சமவெளி விரியும். சுற்றிலும் மலை, நடுவே மேசைபோல் தட்டையான வயல், மக்காச்சோளம். மலைநாட்டுக்குள் இவ்வளவு சமமான நிலம் எங்கிருந்து வந்தது? எரிமலை கொடுத்தது. லாவா ஓடிவந்து ஃப்ளுவியா ஆற்றின் பள்ளத்தாக்கை அணைபோல அடைத்தது. பின்னால் தண்ணீர் தேங்கி ஏரியானது. ஆறு கொண்டுவந்த வண்டல் அந்த ஏரியின் அடியில் படிந்து படிந்து, கடைசியில் ஏரி தூர்ந்து வயலானது. அதே வயலின் ஓரமாகத்தான் ரயில் போனது, அதே வழியில்தான் இன்று சைக்கிள் போகிறது. ஓரிடத்தில்கூட நெருப்பையோ புகையையோ பார்க்க மாட்டீர்கள். ஆனால் பெடல் இவ்வளவு லேசாகச் சுற்றுவதற்கே அந்த எரிமலைகள்தான் காரணம்.

காலுக்கடியில் என்ன இருக்கிறது?

எரிமலை நிலத்துக் கிராவல் பாதை என்றால் பாதையில் கிடப்பது எரிமலைக் கல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். முதல் நாள், லெஸ் ப்ரேசஸ் தாண்டி ஒரு வளைவில் நிறுத்தி, ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த மண்ணை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் கலந்த மண்ணிறம். பருமணல் போல, ஆனால் ஆற்று மணலின் உருண்டை இல்லை, ஒவ்வொரு துணுக்கும் முனை உடைந்து கரகரப்பாக. வெயிலில் சில துணுக்குகள் கண்ணாடி போல மின்னின. விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒரு தூசி ஒட்டிக்கொண்டது. லாவா கறுப்பாகவோ செங்கல் நிறத்திலோ இருக்கும், இது அந்த இனமே இல்லை.

அதன் பெயர் சவுலோ. கிரானைட் பாறை மழையிலும் வெயிலிலும் மக்கி உதிர்ந்த மண். கிரானைட்டில் பல கனிமங்கள் கலந்திருக்கும். அதில் ஒரு வகை மக்கினால் களியாகும், குவார்ட்ஸ் மக்காமல் துணுக்காகவே நிற்கும். மின்னியது குவார்ட்ஸ், விரலில் ஒட்டிய மாவு களி. முதலில் நினைவில் வைக்கச் சொன்னேனே, பொடிக்கல், மணல், களி என்று, அந்தக் கலவை இங்கே இயற்கையாகவே அமைந்திருக்கிறது. ஈரப்படுத்தி ரோலர் ஓட்டினால் துணுக்குகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், இடைவெளியைக் களி அடைக்கும். காட்டலோனியாவில் பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும்கூட இதைத்தான் விரிக்கிறார்கள்.

எரிமலைக் கல்லையே போட்டால் என்ன? இந்த வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. வெடிப்பின்போது வாயில் இருந்து தெறித்து விழுந்த நுரைக்கல் மலைமலையாகக் கிடக்கிறது. ஆனால் அது பாதைக்கு ஆகாது. காரணம் எளிது. துணுக்குகள் ஏறத்தாழ ஒரே அளவில், நிறையத் துளைகளோடு, லேசாக இருக்கும். இடைவெளியை நிரப்பப் பொடியும் இல்லை, ஒட்ட வைக்கக் களியும் இல்லை. கான்கிரீட் போடும் கொத்தனாரிடம் மணலும் சிமெண்டும் இல்லாமல் வெறும் ஜல்லியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? அதேதான். சக்கரம் கடற்கரை மணலில் போல அமிழும்.

இதைத் தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக இல்லை. வேறோர் எரிமலைப் பிரதேசத்தில், லான்சரோட்டே என்ற ஸ்பெயின் தீவிலோ ஐஸ்லாந்திலோ, 'கிராவல் பாதை' என்று யாராவது சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இறுக்கிய மண்ணா, உதிரிக் கல்லா? இறுக்கியது என்றால் 40 மி.மீ. டயர் தாராளம். உதிரி என்றால் அதைவிட அகலம் வேண்டும், தூரத்தையும் பாதியாகக் குறைத்துத் திட்டமிட வேண்டும்.

அந்த எரிமலையை நேரில் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் சைக்கிளை நிறுத்திவிட்டு. கரிலெட் பாதை எரிமலைகளுக்கு நடுவே போகிறதே தவிர, பேர்போன கூம்புகள் பாதையை விட்டுச் சற்றுத் தள்ளி, ஓலோட்டிலிருந்து சாந்தா பாவ் என்ற ஊருக்குப் போகும் வழியில் இருக்கின்றன. ஒரு நாளை நடைக்கு, ஒரு நாளை சைக்கிளுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே சரியாக வாய்க்காது.

நடைநாளில் மூன்று இடம். முதலாவது ஃபஜேதா தென் ஜோர்தா என்ற பீச் மரக்காடு. க்ரோஸ்காட் எரிமலையின் லாவா ஓடி இறுகிய தரையின்மேல் வளர்ந்த காடு. தரை முழுக்கக் கரடுமுரடான கறுப்புக் கல் மேடுகள், அவற்றைப் பாசி மூடியிருக்கும், அதன்மேல் மரங்கள் நேராக நிற்கும். நான் அக்டோபர் கடைசியில் போனபோது இலையெல்லாம் செம்பு நிறத்துக்குத் திரும்பியிருந்தது. இந்தக் காட்டுக்குள் ஓர் ஓடையைக்கூடப் பார்க்க முடியாது. எவ்வளவு மழை பெய்தாலும் லாவாவின் விரிசல்கள் வழியாக நேரே கீழே இறங்கிவிடுகிறது. (காட்டுக்கு நடுவே ஒரு கூட்டுறவுப் பால்பண்ணை இருக்கிறது. மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு உண்மையான வேலை கொடுக்க வேண்டும் என்று கிறிஸ்தோபல் கொலோன் என்ற உளவியலாளர் 1982-ல் ஆரம்பித்தது. அதன் தயிர் இன்று காட்டலோனியா முழுக்கக் கடைகளில் கிடைக்கிறது. சுவை நன்றாக இருக்கும்.)

இரண்டாவது, சாந்தா மார்கரிதா. மரங்களுக்கு நடுவே ஏறி, விளிம்பைத் தாண்டி இறங்கினால், வட்டமான ஒரு புல்வெளி. சுற்றளவு ஏறக்குறைய 2 கி.மீ. அந்த வாய்க்குழியின் நட்டநடுவில் ஒரு சின்னக் கல்கோயில், கிறிஸ்தவக் கோயில். 1428-ல் வந்த பெரிய பூகம்பத்தில் பழையது இடிந்துபோய், இப்போது இருப்பது 1865-ல் மறுபடி கட்டியது. ஒரு காலத்தில் நெருப்பு கக்கிய வாய்க்குள் நின்றுகொண்டு மாடு கழுத்துமணிச் சத்தம் கேட்பது வேறெங்கும் கிடைக்காத அனுபவம்.

மூன்றாவது க்ரோஸ்காட். ஐபீரியத் தீபகற்பத்தின் மிக இளைய எரிமலைகளில் ஒன்று. கடைசியாக வெடித்து பத்தாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும். பல வருஷமாகக் கட்டுமானத்துக்காக இதன் ஒரு பக்கத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். 1982-ல் இந்த எரிமலை வட்டாரத்தைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது, சில வருஷம் கழித்துக் குவாரியும் நின்றது. காயத்தை மண்போட்டு மூடுவதற்குப் பதிலாக, ஒரு பகுதியைச் சரிசெய்து அப்படியே திறந்து வைத்தார்கள். இன்று அந்த வெட்டுக்கு முன்னால் போய் நின்றால், கேக்கை வெட்டி வைத்தது போல எரிமலையின் உள்வயிறு தெரிகிறது.

நான் அதன் முன் அரைமணி நேரம் நின்றிருப்பேன். பல மாடி உயரச் சுவர். ஒரு பக்கம் கரும்சாம்பல் நிறப் பட்டைகள் சாய்வாக, கோடு போட்டதுபோல ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொரு பட்டையும் ஒரு தெறிப்பு. வெடிப்புவாய் இருந்த பக்கம் நெருங்க நெருங்க நிறம் சிவந்து, செங்கல் சூளை நிறத்துக்கு மாறுகிறது. அங்கே கல்லில் இருந்த இரும்பு, சூட்டோடு காற்றில் பட்டுத் துருப்பிடித்திருக்கிறது. கீழே கிடந்த ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். முட்டை அளவு இருந்தும் கனமே இல்லை, ரஸ்க் துண்டைத் தூக்குவது போல. உள்ளே முழுக்கக் குமிழித் துளைகள். கட்டைவிரலால் அழுத்தினால் ஓரம் நொறுங்கியது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன், பாதுகாக்கப்பட்ட பூங்காவில் கல் எடுத்துவரக் கூடாது.

நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஓலோட் ஊருக்குள்ளேயே நான்கு எரிமலைகள் இருக்கின்றன. அவற்றில் மொன்சகோபா ஊர் நடுவில். ஒரு காலை நடையில் ஏறி, வாய்க்குழியைச் சுற்றி வந்துவிடலாம்.

பாதையில் ஒரு நாள்

ஓலோட்டிலிருந்து கிளம்பியதும் லெஸ் ப்ரேசஸ். அங்கே பாதைக்குப் பக்கத்திலேயே 'பெத்ரா தோஸ்கா' பூங்கா. லாவா இறுகிப் பாழாய்க் கிடந்த தரையைப் பழைய விவசாயிகள் கல் கல்லாகப் பொறுக்கி, அந்தக் கல்லை வைத்தே சுவரும் குவியலும் கட்டி, நடுவில் துளித்துளி வயல் உண்டாக்கினார்கள். சில வயல் ஒரு வீட்டு முற்றம் அளவுதான் இருக்கும். ஓலோட்டைச் சேர்ந்த ஆர்.சி.ஆர். கட்டடக் கலைஞர்கள் அதற்குள் துருப்பிடித்த எஃகுத் தகடுகளால் ஒரு நுழைவழி அமைத்திருக்கிறார்கள். கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2017-ல் வாங்கிய மூவர் அவர்கள்தான். சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

அப்புறம் சமவெளி, அதன் கோடியில் கணவாய் ஏற்றம். இந்த ஏற்றம்தான் முழுப் பாதையிலும் கொஞ்சம் கடினம், அதுவும் கியரை இறக்கிவிட்டால் பேசிக்கொண்டே ஏறலாம். உச்சி தாண்டியதும் சான் ஃபெலியூ தெ பாலெரோல்ஸ், லெஸ் ப்ளானஸ், ப்ருஜென் ஆற்றுப் பள்ளத்தாக்கு. காடு, சிறு பாலங்கள், பழைய ஸ்டேஷன் கட்டடங்கள். இந்த ஸ்டேஷன்களில் சிலவற்றில் இப்போது காபியும் ரொட்டியும் கிடைக்கும். அமேர் ஊரருகே ஒரு நீரூற்று, பெயர் 'ஃபோன் பிகான்'. இயற்கையாகவே சோடா போலக் குமிழியிடும் தண்ணீர், நிலத்தடியிலிருந்து கரியமில வாயு கலந்து வருகிறது.

அமேருக்குக் கீழே தெர் ஆறு சேர்ந்துகொள்ளும். ஆங்லேஸ், பெஸ்கனோ, சால்ட் என்று ஊர்கள் பெரிதாகி, தோட்டங்கள் வழியாக ஜிரோனாவுக்குள் நுழைவீர்கள். இந்தக் கடைசிப் பகுதி அவ்வளவு அழகில்லை, தொழிற்சாலைகள் வரும், வேகமாகக் கடந்துவிடலாம்.

கார் வராது என்று சொன்னேன். அதை முழுக்க அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர்களுக்குள் சில இடத்தில் தெருவோடு கலக்கும், சில இடத்தில் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும், தோட்டத்துக்குப் போகும் டிராக்டர் எதிரே வரலாம். குழந்தைகளோடு போனால் கடவைகளில் மட்டும் எல்லோரும் இறங்கிக் கடப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் நடப்பவர்களுக்கே முதலுரிமை. பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே மணி அடித்து, வேகத்தைக் குறைத்துத் தாண்டுங்கள்.

சைக்கிளும் காற்றும்

விலையுயர்ந்த கிராவல் சைக்கிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓலோட்டிலும் ஜிரோனாவிலும் வாடகைக்குக் கிடைக்கும், சாதாரண ஹைப்ரிட் சைக்கிளே இந்தப் பாதைக்குப் போதும். ஜிரோனா உலகத் தொழில்முறை சைக்கிள் வீரர்கள் பலர் தங்கிப் பயிற்சி செய்யும் ஊர், அதனால் நல்ல சைக்கிள் கடைகளுக்கும் குறைவில்லை.

நான் உண்மையிலேயே வலியுறுத்துவது டயரின் காற்றைத்தான். நம்மில் பலருக்கும் பழக்கம் என்னவென்றால், டயர் கல்லு மாதிரி இருக்கும்வரை அடிப்பது. தார்ச்சாலையில் சரி. கிராவலில் அப்படி இருந்தால் டயர் ஒவ்வொரு துணுக்கின்மேலும் ஏறித் துள்ளும். துள்ளும் நேரத்தில் தரையோடு தொடர்பு இல்லை, பிடிப்பு இல்லை, அந்த அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கு வரும். காற்றைக் குறைத்தால் டயர் துணுக்கைச் சுற்றிக் குழைந்து உட்கார்ந்து உருளும். சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டயரில் 30 முதல் 40 பி.எஸ்.ஐ. வைத்து ஆரம்பிக்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். மிகவும் குறைத்துவிட்டால் கல்லில் மோதும்போது ட்யூப் விளிம்போடு நசுங்கிப் பஞ்சராகும். அதற்காகத்தான் பலர் ட்யூப் இல்லாத, உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிய டயர் போடுகிறார்கள். சின்ன ஓட்டைகளை அந்தத் திரவமே அடைத்துவிடும்.

பிரேக் விஷயத்தில் ஒரே ஒரு விதி போதும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள். வளைவுகளின் வெளிப்பக்கம் உதிர்ந்த சவுலோ ஒதுங்கிக் கிடக்கும். முன் பிரேக்கை அதன்மேல் பிடித்தால் சக்கரம் சட்டென்று நழுவும்.

மழை பற்றியும் சொல்ல வேண்டும். 'ஓலோட்டில் மழை இல்லையென்றால் எங்குமே மழை இல்லை' என்பது அந்த ஊர்ப் பழமொழி. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரையும் நல்ல காலம். அப்போதும் மழைக்கோட்டு பையில் இருக்கட்டும். சவுலோ பாதை மழையில் சேறாகிவிடாது, தண்ணீர் சீக்கிரம் வடியும், ஆனால் மேல்பரப்பு மென்மையாகிப் பெடல் கனக்கும். செயினில் அந்தக் கரகரப்பு ஏறிவிடும், மாலையில் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

சாப்பாட்டுக்குச் சாந்தா பாவ் ஊரின் வெள்ளை பீன்ஸைத் தவறவிட வேண்டாம். எரிமலை மண்ணில் விளைவது, சின்னதாக, வெந்த பிறகு வெண்ணெய் போல இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது, பெரும்பாலும் தொத்திறைச்சியோடுதான் பரிமாறுவார்கள்.

போய்ச் சேர்வது சுலபம். பார்சலோனாவிலிருந்து ஜிரோனாவுக்கு அதிவேக ரயிலில் 40 நிமிடம். அங்கிருந்து ஓலோட்டுக்கு இன்று ரயில் இல்லை, பஸ்தான். பஸ்ஸில் சைக்கிள் ஏற்ற இடம் குறைவு, முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓலோட்டிலேயே வாடகைக்கு எடுத்து ஜிரோனாவில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம்.

ஜிரோனாவில் முடிக்க மனம் வராதவர்களுக்கு இன்னொரு சின்ன ரயில் தடம் காத்திருக்கிறது. அதுவும் 750 மி.மீ. தண்டவாளம்தான், அதுவும் 1969-ல் நின்றதுதான். சுமார் 40 கி.மீ., ஏறத்தாழ சமதளம், கோதுமை வயல்களைத் தாண்டி சான் ஃபெலியூ தெ கிஷோல்ஸ் என்ற கரையோர ஊரில் போய் முடியும். இரண்டாம் நாள் மதியத்துக்குள் சைக்கிளைக் கடற்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு, சவுலோ தூசி படிந்த காலை மத்தியதரைக் கடலில் கழுவிக்கொள்ளலாம்.